பெயர் எழுதாத கொப்பி

என்னிடம் படித்த ஒரு பிள்ளை போன கிழமை போன் எடுத்தாள். "மிஸ், உள்நாட்டுப் போர் பற்றித்தான் கலாநிதி ஆய்வு செய்ய விருப்பம். அதை நம்பி வாழலாமா?" வேலை கிடைக்குமா, நிரந்தரமாகுமா என்று கேட்கிறாள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் அவளுக்கு நான் சொல்ல நினைத்தது வேறு. போனில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டின் கதை. இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் ஒலிப்பதிவுக் கருவியைத் தொட வேண்டும்.

2001இல் அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரிக்காக ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் தொடங்கியது. வட அயர்லாந்தில் ஆயுதம் தூக்கியவர்களே தங்கள் கதையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எண்ணம். பொறுப்பாக இருந்தவர் எட் மொலோனி என்ற பத்திரிகையாளர். வட அயர்லாந்தைப் பிரித்தானியாவிடமிருந்து பிரிக்கப் போராடிய ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கத்தின் ஆட்களிடம் பேசியவர் அன்டனி மக்கின்டயர். அவரே பழைய ஐ.ஆர்.ஏ. உறுப்பினர், 18 ஆண்டுகள் சிறையில் இருந்தவர், பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றவர். நம்மில் ஒருவன் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் அனுமதி இல்லாமல் இது வெளியே வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது.

அமெரிக்கச் சட்டம் இடம் தரும் அளவுக்குத்தான் இந்த இரகசியம் காக்கப்படும் என்று மொலோனிக்கும் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பேசியவர்கள் கையெழுத்து வைத்த தாளில் அந்த வரி இல்லை. இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பேசியவர்களில் ஒருவரான பிரெண்டன் ஹியூஸ் 2008இல் இறந்தார், அவர் சொன்னவை 2010இல் புத்தகமாக வந்தன. அடுத்த வருடமே வட அயர்லாந்துப் பொலிசாருக்காகக் கல்லூரிக்கு அமெரிக்க நீதித் துறையின் அழைப்பாணை வந்துவிட்டது. நீண்ட வழக்குக்குப் பிறகு 11 நேர்காணல்கள் கைமாறின. 2014இல், ஐ.ஆர்.ஏ.க்கு நெருக்கமான சின் ஃபெயின் கட்சியின் தலைவராக இருந்த ஜெரி அடம்ஸ் கைதாகி நான்கு நாள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் வெளியே வந்தார். முதியவரான பழைய ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் ஐவர் பெல் மீது வழக்கே நடந்தது. 2019இல் நீதிபதி அந்த ஒலிநாடாக்களை நம்பகமற்றவை என்று ஒதுக்கிவிட, அவர் விடுதலையானார்.

இத்தனையும் ஜீன் மக்கோன்வில் என்ற பெண்ணின் கொலையைத் துலக்கத்தான். 1972 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. அவரை வீட்டிலிருந்து, பிள்ளைகளின் கண்முன்னே, இழுத்துக்கொண்டு போனது. கணவனை இழந்தவர், 10 பிள்ளைகளின் தாய். காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். (அந்தச் சொல்லின் பாரம் நமக்கும் தெரியும்.) அவர் தகவல் கொடுத்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006இல் பொலிஸ் குறைகேள் அதிகாரி அறிவித்தார். உடல் 2003இல்தான் ஒரு கடற்கரையில் கிடைத்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக நான் இருந்திருந்தால் ஒலிநாடாக்களைக் கொடு என்று நானும்தான் கேட்டிருப்பேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் கோபமெல்லாம் தங்கள் கையில் இல்லாத ஒன்றை வாக்காகக் கொடுத்தவர்கள் மீது. காக்க முடியாத இரகசியத்தை ஆய்வாளர் கேட்டு வாங்கவே கூடாது. "ஆனால் அது வரலாற்றுக்குத் தேவை" என்பார்கள். தேவைதான். அதற்காக வேறொருவருடைய கழுத்தை அடகு வைக்கும் உரிமை நமக்கு யார் தந்தது?

மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த போரில் ஏறத்தாழ 75,000 பேர் இறந்தார்கள். அங்கே விவசாயிகளிடம் ஆய்வு செய்த எலிசபெத் வூட், தாளில் கையெழுத்துக் கேட்காமல் வாய்ச் சம்மதமே பெற்றார். போருக்கு முன் காணி யாரிடம் இருந்தது, போர் முடிந்தபோது யாரிடம் இருந்தது என்று அவர்களையே கூடியிருந்து வரைபடம் கீறச் சொன்னார். யார் யாரைச் சுட்டது என்று கேட்காமலே எவ்வளவு அறிய முடியும் என்பதற்கு அந்த வரைபடங்களைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்டுவேன்.

அந்தப் புத்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது. என் முதல் கள ஆய்வுக்கு, பேசுகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும் என்று நெறிமுறைக் குழு அடம்பிடித்தது. நானும் படிவங்களோடு வன்னிக்குப் போனேன். மகனைத் தொலைத்த ஒரு அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு, பேனையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எத்தினை ஆணைக்குழுவுக்குக் கையெழுத்து வச்சாச்சு பிள்ளை. எல்லாரும் எழுதிக்கொண்டு போனவைதான். ஒருத்தரும் திரும்பி வந்து என்ன நடந்தது எண்டு சொல்லேல்ல."

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தெருவோரம் போராட உட்கார்ந்தபோது அந்த அம்மாவைத்தான் நினைத்தேன். அங்கேயும் கமெராவோடும் கேள்விக் கொத்தோடும் எத்தனையோ பேர் போனார்கள். நாம் எழுதும் கட்டுரை நமக்குப் பதவி உயர்வு தருகிறது. அவர்களுக்கு?

அந்தப் பயணத்திலிருந்து என் கொப்பியில் ஆட்களின் பெயர் இல்லை, எண் மட்டும்தான். கட்டுரை அச்சான பிறகு அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, பேசியவர்களிடம் நேரில் போய் வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் புள்ளி போடுவதில்லை, பஸ் காசும் தருவதில்லை. அந்த அம்மாவிடம் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவராகவே மகனின் பள்ளிக்கூடப் படத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

பிள்ளை, ஓம், வா இந்தத் துறைக்கு. சனிக்கிழமை உன் கேள்விக் கொத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. எந்தெந்தக் கேள்வியை நீ கேட்கக் கூடாது என்று இருவருமாக உட்கார்ந்து வெட்டுவோம்.