பட்டறைதான் ஐயா, அதற்கென்ன?

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தைக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பேசியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். காணொளி இரண்டு நாளாகச் சுற்றுகிறது, பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. பேச்சோடு பேச்சாக, டி ஹாவிலாண்ட் என்ற பிரித்தானிய விமானக் கம்பனியின் தொழில்நுட்பப் பள்ளியை இழுத்து, "பட்டம் கொடுக்காத பட்டறை, அதைப் போய்க் கல்லூரி என்பதா?" என்றார். சபை சிரித்தது. நான் கதிரையில் நெளிந்தேன்.

பட்டறைதான் ஐயா. பட்டறையாக இருந்ததால்தான் அது கல்லூரி.

1928இல் லண்டன் ஸ்டாக் லேன் விமானத் தளத்தில் டி ஹாவிலாண்ட் கம்பனி தொடங்கிய பள்ளி அது. பிறகு கம்பனியோடு ஹாட்ஃபீல்டுக்குப் போனது. அங்கே படித்த பையன்கள் விமானத்தை வரைந்தார்கள், அவர்களே கட்டினார்கள், அது பறந்தது. 1934இல் டி.கே.1. அடுத்து டி.கே.2, விமானப் பந்தயங்களுக்கே போனது. 1937இல் டி.கே.4. இறக்கை முனைக்கு முனை 20 அடிகூட இல்லை, சக்கரம் வேறு உள்ளே மடங்கும். டி.கே. என்றால் என்ன தெரியுமா? 'டெக்னீஸ கொலேஜ்' என்பதன் சுருக்கம். தொழில்நுட்பக் கல்லூரி! பேராசிரியருக்குத் தெரியாதது அந்த விமானத்தின் பெயரிலேயே இருந்தது.

"டி.கே.4 விழுந்து விமானி ராபர்ட் வெயிட் செத்தாரே" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். ஆம், 1937 ஒக்டோபரில், வேகச் சாதனை முயற்சியில். மறைக்க நான் யார்? டி.கே.5 தரையை விட்டு எழும்பவே இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். எழும்பாததை உங்கள் கையால் கட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

"கம்பனி தனக்கு ஆள் பிடிக்க நடத்தியது." சரி, இருக்கட்டும். அங்கே படித்த டால்ரிம்பிளும் வார்டும் வெளியே வந்து, ஃபோர்ட் கார் எஞ்சினை வைத்துச் சில்டன் என்ற குட்டி விமானம் கட்டினார்களே, அது யாருக்கு ஆள் பிடித்தது?

"வெள்ளைக்காரன் பெருமை நமக்கெதற்கு?" இதற்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 1935இல் நம் இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கியது ஒரு டி ஹாவிலாண்ட் புஸ் மொத் விமானம். போதுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவியும் கேட்டாள். பத்தொன்பது வயதில் ஒரு விமானப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாள் மேற்பார்வையாளர் அண்ணை ஒரு அலுமினியத் துண்டைத் தந்து, "அரத்தால் சதுரமாக்கு" என்றார். மூன்று நாள் அராவினேன். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது, மூலை இன்னும் சரியில்லை. "திரும்பவும்." அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. அந்தக் கீற்று இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எந்த விரிவுரையும் அப்படி நிற்கவில்லை.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. தரகர் "மாப்பிள்ளை எஞ்சினியர்" என்றார். பெண் வீட்டார் எந்தக் கம்பஸ், அதாவது எந்தப் பல்கலைக்கழகம், என்று கேட்டதும், "எஞ்சினியர் மாதிரி" என்று இழுத்தார். முப்பது வருடமாக நான் மாதிரிதான். விமானம் மாதிரியா பறந்தது? பறக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதானே பேராசிரியர்மார் ஏறி உட்கார்ந்தார்கள்!

1960இல் ஹாக்கர் சிட்லி என்ற இன்னொரு விமானக் கம்பனி டி ஹாவிலாண்டை வாங்கியது. சில வருடங்களில் அந்தப் பெயரும் போனது, பள்ளியின் பெயரும் போனது. பெயர் இல்லாததை யாரும் என்னவும் சொல்லலாம் போல.

பட்டத்தை நான் குறை சொல்லவில்லை. என் மகளுக்கே பட்டம் இருக்கிறது. (அவள் கேட்டுத்தான் இந்த வரியைச் சேர்த்தேன்.) ஆனால் நம் வீடுகளில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிக் கம்பஸ் கிடைக்காத பையன் கையில் ஸ்பானரைப் பிடித்தால், அவன் 'சும்மா இருக்கிறான்' என்றுதான் சொல்கிறோம். அன்று சபை சிரித்த சிரிப்பில் அதுவும் கேட்டது எனக்கு.

காணொளிக்கு லைக் போட்டவர்களைப் பார்த்தேன். என் சகோதரி மகனும் இருக்கிறான். அவனுக்கு ஏ.எல். பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதம்.