‘ஓட்டம்’ வினைச்சொல் ஆகுமா?

எட்டாம் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஓடை, ஓட்டம், ஓட்டுநர், ஓடினான் ஆகிய நான்கு சொற்களைக் கொடுத்து, இவற்றுள் வினைச்சொல் எது என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ‘ஓட்டம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் சற்றே யோசித்தால் அவர்கள் பக்கத்து நியாயம் புரிந்துவிடுகிறது. ‘செயலைக் குறிக்கும் சொல் வினைச்சொல்’ என்று தொடக்க வகுப்பிலிருந்து நாம்தான் சொல்லிக்கொடுத்து வருகிறோம். ஓடுவது ஒரு செயல். ஓட்டம் என்பது அந்தச் செயலின் பெயர். ஆகவே ஓட்டம் வினைச்சொல். வரையறையை நம்பி எழுதிய பிள்ளை மதிப்பெண்ணை இழந்தது. வரையறையை மறந்து, காதுக்குச் சரியென்று பட்டதை எழுதிய பிள்ளை முழு மதிப்பெண் பெற்றது.

வேலூர், குடியாத்தம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியராக இருக்கிறேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள் நானும் இதே வரையறையைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பின்னர் ஒரு பணியிடைப் பயிற்சியில், ஓடும் சிறுவன், குதிக்கும் சிறுமி, பறக்கும் பறவை என்று பட அட்டைகளை வரிசையாகக் காட்டி, இவற்றைக் கொண்டே வினைச்சொல்லைக் கற்பித்துவிடலாம் என்றார்கள். அட்டைகள் அழகாகவே இருந்தன. ஆனால், ஓடும் சிறுவனின் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை ‘ஓட்டம்’ என்றாலும், ‘ஓடுதல்’ என்றாலும், ‘ஓடுகிறான்’ என்றாலும் படம் மறுத்துப் பேசப்போவதில்லை. படத்தில் செயல் இருக்கிறது, செய்பவன் இருக்கிறான், காலம் மட்டும் இல்லை. வினைச்சொல்லுக்கு உயிரான ஒன்று விடுபட்டுப்போன படத்தைக் காட்டி வினைச்சொல்லை விளக்க முயல்கிறோம் என்பது அன்று அந்த அரங்கில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்’ என்று வினையியலைத் தொடங்குகிறார் தொல்காப்பியர். செயல் என்ற பேச்சையே அவர் அங்கே எடுக்கவில்லை. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்காமல், அது வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்திருக்கிறார். இந்த நூற்பாவைப் பட்டப்படிப்பில் மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தில் அதன் பயனைக் கொஞ்சமும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நூற்பாவைப் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் இரண்டு சோதனைகள் போதும். ஐ, கு, ஆல் போன்ற உருபு சேர்கிறதா என்று பார். நேற்று, இன்று, நாளை என்று மாற்றினால் சொல்லும் மாறுகிறதா என்று பார். ஓட்டத்தை, ஓட்டத்துக்கு, ஓட்டத்தால் என்று உருபெல்லாம் வந்து ஒட்டுகிறது. நேற்றும் ஓட்டம்தான், நாளையும் ஓட்டம்தான். ஓடினானோ நேற்றோடு நின்றுவிடுகிறான். இன்றைக்கு ஓடுகிறான் வேண்டும், நாளைக்கு ஓடுவான் வேண்டும். ‘ஓடினானை’ என்று சொல்லிப் பார்க்கும்போது பிள்ளைகள் தாமாகவே சிரித்துவிடுகிறார்கள்.

இந்தச் சோதனையைத் தொடங்கிய ஆண்டிலேயே ஒரு மாணவன் எழுந்து, ‘ஓடியவனைப் பிடித்தார்கள்’ என்கிறோமே ஐயா, அது எந்தக் கட்சி என்று கேட்டான். ஓடியவன், ஓடுகிறவன், ஓடுபவன் என்று காலமும் மாறுகிறது; ஓடியவனை, ஓடியவனுக்கு என்று உருபும் சேர்கிறது. வினையாலணையும் பெயர் என்ற நீண்ட தொடரை அதற்கு முன் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். எந்த வகுப்பும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஒரு தேவை வகுப்பிலேயே பிறந்திருந்தது. வினையை மேலே போர்த்துக்கொண்டு நிற்கும் பெயர் என்று சொன்னதும் அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். கலைச்சொல்லை முதலில் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டைத் தேடுவதைவிட, எடுத்துக்காட்டு பிள்ளையை மடக்கிய பிறகு கலைச்சொல்லைத் தருவதே நல்லது என்பது என் அனுபவம்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காட்டிலிருந்து சில பகுதிகளைப் பிரித்துச் சேர்த்துத்தான் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. எல்லைக்கோடு போட்டார்களே தவிர, வீட்டுமொழிகள் கோட்டுக்கு ஏற்ப நகர்ந்துபோகவில்லை. இன்றைக்கும் எங்கள் வகுப்புகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். உருது பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ‘அம்மா சந்தைக்குப் போனது’ என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதியபோது, தாயை அஃறிணை ஆக்குகிறாயா என்று கடிந்துகொண்டேன். அவள் மலங்க மலங்க விழித்தாள். தெலுங்கில் ஒருமையில் ஆண்பாலுக்கு ஒரு விகுதி, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று; அவன் வந்தான் என்பதற்கு ‘வச்சாடு’, அவள் வந்தாள் என்பதற்கும் அது வந்தது என்பதற்கும் ‘வச்சிந்தி’ என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் என்னோடு பணியாற்றிய, வீட்டில் தெலுங்கு பேசும் கணக்கு ஆசிரியர். அந்த மாணவி தன் தாயை இழிவுபடுத்தவில்லை. தாய்மொழியின் விகுதிக் கணக்கைத் தமிழுக்குள் கொண்டுவந்திருந்தாள். உருதுவிலோ ‘கிதாப்’ பெண்பால். புத்தகத்துக்கே பால் பார்க்கும் மொழியிலிருந்து வரும் பிள்ளைக்கு, உயிருள்ள மாடும் உயிரற்ற மேசையும் ஒரே ‘அது’வில் அடங்குவது வியப்பாகத்தான் இருக்கும்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தப்பித்துவிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ‘அக்கா வந்துச்சு’, ‘ஆயா சொல்லுச்சு’ என்று பாசத்தோடு பேசித்தான் அவர்களும் வளர்கிறார்கள். ஆகவே, திணை, பால், எண், இடம் என்று பாடத்தில் வரும் வரிசையை ஒப்பிக்க வைக்காமல், அக்கா வந்துச்சு, அக்கா வந்தாள், அக்கா வந்தார் என்ற மூன்றையும் பக்கம் பக்கமாக எழுதி, யார் யாரிடம் எப்போது எதைச் சொல்வார்கள் என்று கேட்கிறேன். சொல்லின் கடைசி எழுத்துகளில் செய்தவர் யார் என்பதும், பேசுபவர் அவரை எங்கே வைத்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைக் கண்டுகொள்ள அவர்களுக்கு ஒரு பாடவேளைகூடத் தேவைப்படுவதில்லை.

தன்வினை, பிறவினை என்ற பகுதி பாடநூலில் வறட்சியாகத் தெரியும். குடியாத்தத்துப் பிள்ளைகளிடம் அது வறளவே வறளாது. ‘தறி ஓடுது’, ‘அப்பா தறி ஓட்டுறாரு’ என்ற இரண்டு வாக்கியங்களும் அவர்கள் வீட்டில் நாள்தோறும் புழங்குபவை. தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் பெற்றோர் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் ‘தோல் நனைந்தது’, ‘தோலை நனைத்தார்’ என்று எழுதச் சொன்னால், ந்த் இருந்த இடத்தில் த்த் வந்ததும் செய்பவர் ஒருவர் முளைத்துவிட்டதைக் கவனித்துவிடுகிறார்கள். சேர்ந்தது, சேர்த்தார், காய்ந்தது, காய்த்தது என்று அவர்களே அடுக்கத் தொடங்கி, காய்த்தது என்ற இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். மரம் காய்ப்பது வேறு வினை. வெயிலில் ஒன்றைக் காயவைத்தால் ‘காய வைத்தார்’ என்றுதான் வரும். ஒழுங்கைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை எல்லை மீறி நீட்டிவிட்டுப் பிறகு திரும்பி வருவதும் படிப்புத்தானே.

உறுப்பிலக்கணத்துக்கு வருகிறேன். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்ற ஆறு உறுப்புகளைக் கொண்டு ஒரு வினையைப் பிரித்துக் காட்டுவதைப்போல அழகான பயிற்சி வேறில்லை என்பேன். அதைத்தான் நாம் இரண்டு மதிப்பெண் வாய்பாடாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். ‘நடந்தனன்’ என்றால் நட, த், த், அன், அன், சந்தித் தகரம் நகரமானது விகாரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளை, ‘கிடந்தனன்’ என்று கொடுத்தால் பேனாவைக் கடிக்கிறது. சொல்லைப் பிரிக்கக் கற்றுத்தராமல் விடையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நன்னூலார் நட, வா, மடி என்று தொடங்கி 23 ஈறுகளுக்கு எடுத்துக்காட்டுகளை அடுக்கி, இவையே செய் என்னும் ஏவல் வினைப் பகாப்பதங்கள், அதாவது மேலும் பிரிக்க முடியாத சொற்கள் என்கிறார். இதன் பொருள் மிக எளிது: எந்த வினையையும் எதிரில் இருப்பவனுக்கு இடும் கட்டளையாக்கினால் பகுதி கையில் வந்துவிடும். கிடந்தனன், கிட. எழுதினாள், எழுது. குந்தினான், குந்து. கடைசியில் சொன்னதைக் கொச்சை என்று நினைத்துப் பிள்ளைகள் சொல்லக் கூசுவார்கள்; அகராதியில் முறையாக இடம்பெற்றுள்ள சொல் அது என்று காட்டிய பிறகு கூச்சம் போய்விடும். வந்தான் என்பதற்கு வா என்று கட்டளையிட்டுவிட்டு, அந்த வா எப்படி வ ஆகக் குறுகியது என்று கேட்கும் பிள்ளைக்கு விகாரத்தைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ‘பாலாறு ஓடுகிறது’ என்று எங்கள் ஊரில் எடுத்துக்காட்டு எழுதினால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது அதே வாக்கியத்தை யாரும் சிரிக்காமல் எழுதினார்கள். இப்போது ‘ஓடியது’ என்கிறார்கள். ‘நல்ல மழை பெய்தால் பாலாறு ஓடும்’ என்பதில் உள்ள ‘ஓடும்’ எதிர்காலமா என்று கேட்டுப் பாருங்கள். நாளை நடக்கப்போவதையும், வழக்கமாக நடப்பதையும் தமிழ் ஒரே வடிவத்தில் சொல்கிறது என்பதைப் பிள்ளைகள் தம் ஆற்றைக் கொண்டே உணர்ந்துவிடுவார்கள். இதை உணராமல் ஆங்கில வகுப்புக்குப் போகும் பிள்ளை அங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் முழு வாக்கியம் பேசும் மொழிக்காரர்கள் நாம் என்பதை ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், ‘ஹீ டீச்சர்’ என்று எழுதும் பிள்ளைக்கு விழும் திட்டு பாதியாவது குறையும். ஆசிரியர் அறையில் நாங்கள் பேசுவதோ பெரும்பாலும் அகவிலைப்படி பற்றித்தான்.

செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறையும் தருவது வினை என்பார் நன்னூலார். இந்த ஆறில் செய்பவனை ஒளித்துவைக்கும் கலையில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கும். என்னடா ஆயிற்று என்றால், ‘உடைஞ்சிபோச்சு சார்’ என்பான். பக்கத்தில் நிற்பவன் உடனே, ‘இவன்தான் சார் உடைச்சிட்டான்’ என்பான். உடைந்துபோயிற்று, உடைத்துவிட்டான் என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, முதல் வாக்கியத்தில் செய்தவன் எங்கே போனான் என்று கேட்ட அன்று வகுப்பு அடங்க வெகுநேரம் ஆனது. போ, விடு என்ற துணைவினைகள் தம் பழைய பொருளை இழந்து, பேசுபவனின் எண்ணத்தைச் சுமக்கின்றன என்று பாடநூல் சொல்வதை அதன் பிறகு நான் விளக்கவில்லை. ‘உடைச்சித் தொலைச்சான்’ என்று நான் சொன்னால் என் எண்ணம் என்ன என்று மட்டும் கேட்டேன். கோபம் என்றார்கள்.

பேச்சுவழக்கை வகுப்புக்குள் விட்டால் எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் நண்பர்கள் உண்டு. அவர்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. தேர்வில் பிள்ளை ‘வந்துகினு’ என்று எழுதினால் நானும் மதிப்பெண் குறைக்கத்தான் செய்வேன். ஆனால் அந்தக் ‘கினு’ எங்கிருந்து வந்தது என்று தேடி, வந்துகொண்டு என்பதில் உள்ள ‘கொண்டு’தான் அது என்று கண்டுகொண்ட பிள்ளை, பிறகு எழுத்தில் அதைத் தவறவிடுவதில்லை.

சென்ற மாதம் அப்படி ஒருநாள், ‘மழை வந்துகினு கீது’ என்ற வாக்கியத்தில் கினுவை முடித்துவிட்டு மணியடிக்கக் காத்திருந்தபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி ‘கீது’ என்ற சொல்லின் பகுதி எது என்று கேட்டாள். இருக்கிறது என்று விரித்து எழுதினேன். பகுதி இரு என்றார்கள். அந்த ‘இரு’ கீதில் எங்கே இருக்கிறது என்று அவள் விடாமல் கேட்டாள். கிறு என்ற இடைநிலை தேய்ந்து நிற்கிறது, து என்ற விகுதி அப்படியே நிற்கிறது, பகுதியைத்தான் காணவில்லை. காலம் எஞ்சியிருக்கிறது, செய்ததைக் காட்டும் ஈறு எஞ்சியிருக்கிறது, வினையின் வேர் வாய்க்குள்ளேயே கரைந்துபோயிருக்கிறது. அதற்குள் மணி அடித்துவிட்டது. ‘கீது = ? + கிறு + து’ என்று அவள் எழுதியதை அடுத்து வந்த அறிவியல் ஆசிரியர் அழிக்காமல் ஒரு ஓரமாக விட்டுவைத்திருந்தார்.