பெஞ்சுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகனின் பள்ளிப் பையிலிருந்து குரூப் போட்டோ வந்தது. ஒன்றாம் வகுப்பு. கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். "அப்பா, நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடி" என்றான். தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

நடுவில் மூன்று படியாகப் போட்ட பெஞ்சுகளில் முப்பத்தேழு குழந்தைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். வலது ஓரத்தில் பெஞ்சு முடிகிறது. அதற்கப்புறம் மூன்றடிக்கு வெறும் சிமெண்ட் தரை. அந்தத் தரையைத் தாண்டி என் மகனின் சக்கர நாற்காலி. பின்னால் ஆயாம்மா கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். அவன் உடம்பு முழுக்கப் பெஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கழுத்தை நீட்டி, முகத்தை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறான். சிரிக்கிறான்.

அந்தச் சாய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மூளை முடக்குவாதம். அறிவில் ஒரு குறையும் இல்லை. வாய்ப்பாடு சொல்வதில் வகுப்பில் முந்திக்கொள்கிறவன். ஆனால் கால் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும். இடுப்புக்கு மேலே உடம்பை நேராக நிறுத்திவைப்பதே அவனுக்கு ஒரு வேலை. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டு விழாமல் அப்படியே இருக்க வேண்டுமானால் இன்னொரு கையால் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். படத்தில் அந்தக் கையும் தெரிகிறது. விரல் மூட்டுகள் வெளுத்திருக்கின்றன. பிசியோதெரபியில் அவனை அப்படி அரை நிமிடம் இருக்கச் சொன்னால் அழுவான். இங்கே யாரும் சொல்லாமல் அவனாகவே செய்திருக்கிறான்.

என் மனைவி படத்தை வாங்கிப் பார்த்தார். கீழே அச்சடித்திருந்த பெயர்களை விரல் வைத்துப் படித்தார். 'சிட்டிங்' என்று ஒரு வரி, 'ஸ்டாண்டிங்' என்று இரண்டு வரி, இடமிருந்து வலமாக. இவன் பெயர் இரண்டிலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, எந்த வரிசையென்றும் சொல்லாமல், கடைசியில் தனியாக இருந்தது. ஆயாம்மாவின் பெயர் எங்குமே இல்லை, தினமும் இவனைத் தூக்கி இறக்குகிறவர் அவர். "ஏங்க, நிக்கறவங்கள்லயும் இவன் இல்ல, உக்காந்திருக்கறவங்கள்லயும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். குக்கர் நாலு விசில் அடித்தும் நிறுத்தவில்லை.

இரண்டு நாளாகச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் சொல்வது ஒன்றுதான்: ஒரு போட்டோவுக்கு இவ்வளவா? அவனே சந்தோஷமாக இருக்கும்போது நீங்கள் ஏன் மனசைக் குழப்பிக்கொள்கிறீர்கள்? நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதனால் பதிலையும் பொறுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டு இரும்புப் பீரோவில் என் ஐந்தாம் வகுப்புப் படம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. அந்தப் பள்ளியில் நான் எழுதிய நோட்டு ஒன்றுகூட இல்லை, வாங்கிய மார்க் நினைவில் இல்லை, கட்டிடத்தையே இடித்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு படம். ஊருக்குப் போனால் யாராவது அதை எடுத்துவைத்துக்கொண்டு, இவன் இப்போது திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறான், இந்தப் பெண்ணைப் பவானியில் கட்டிக்கொடுத்தார்கள், இவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை வைத்தே கதை பிறக்கும். முப்பது வருஷம் கழித்து என் மகனின் வகுப்புப் பிள்ளைகளும் இந்தப் படத்தை அப்படித்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இவன் பக்கத்தில் யாருமே இல்லை.

பள்ளியைத் திட்ட நான் இதை எழுதவில்லை. பெயரும் சொல்லமாட்டேன். மூன்று பள்ளிகள் கையை விரித்த பிறகு இவனைச் சேர்த்துக்கொண்டவர்கள் இவர்கள். வாசலில் சாய்தளம் போட்டுத் தந்தார்கள். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். வகுப்பு டீச்சர் தங்கமானவர். போனில் கேட்டதும் ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை அவருக்கு. அப்புறம் நடந்ததைச் சொன்னார். அன்றைக்குப் பதினான்கு வகுப்புகளுக்குப் படம். ஸ்டூடியோக்காரர் காலையிலேயே வந்து பெஞ்சைப் போட்டுவிட்டார். ஒரு வகுப்பு இறங்க அடுத்த வகுப்பு ஏற வேண்டும். பெஞ்சின் கால் பக்கத்தில் சக்கரம் இடித்துவிடுமோ, மேலே நிற்கும் பிள்ளை தவறி இவன் மேல் விழுந்துவிடுமோ என்று யாரோ சொல்ல, 'கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும், பத்திரம்' என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. யாராவது வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இங்கே அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2013 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு ஏறக்குறைய இதேதான் நடந்தது. முதுகெலும்பு நரம்புகள் பாதித்துத் தசைகள் வலுவிழந்துபோகும் பிறவி நோய் அவனுக்கு. இரண்டாம் வகுப்புப் படம். எல்லோரும் பெஞ்சில், இவன் மட்டும் சக்கர நாற்காலியில் ஓரமாக, இடைவெளி விட்டு. அவனும் இப்படியேதான் சாய்ந்து, கழுத்தை நீட்டி, நண்பர்கள் பக்கம் போகப் பார்க்கிறான். பெற்றோர் மனம் நொந்து அதை வெளியே சொன்னார்கள், படம் உலகம் முழுக்கப் பரவியது, கடைசியில் வகுப்பை மறுபடி நிற்கவைத்து வேறு படம் எடுத்தார்கள். அந்தச் செய்தியை அப்போதே படித்திருக்கிறேன். எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. 'அடப் பாவமே' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி அதைத் தேடி எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பிள்ளைகளின் கழுத்தும் ஒரே கோணத்தில் இருந்தது. என் மனைவி அப்போதுதான் அழுதார்.

2021இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்தது இதைவிட மோசம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பள்ளி மாணவி, தன் பள்ளியின் உற்சாகமூட்டும் குழுவில் வருஷம் முழுக்க மற்றவர்களோடு வேலை செய்தவள். ஆண்டு மலருக்காக அவளோடு ஒரு படம், அவள் இல்லாமல் ஒரு படம் என இரண்டு எடுத்தார்கள். அச்சில் வந்தது அவள் இல்லாத படம். மன்னிப்புக் கேட்டார்கள், சரி. ஆனால் எதற்காக இரண்டு எடுத்தார்கள் என்பதுதான் என் மனதை விட்டுப் போகாத கேள்வி.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 16ஆவது பிரிவு அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்குச் சொல்லும் கடமைகளில் முதலாவது: இந்தக் குழந்தைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சமமாகப் படிப்பும் விளையாட்டும் பொழுதுபோக்கும் தர வேண்டும். சாய்தளமும் கழிப்பறையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நாம் சாய்தளத்தைக் கட்டி முடித்ததும் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். குழந்தை கேட்டுக்குள் வந்துவிட்டான், வகுப்புக்குள் உட்கார்ந்துவிட்டான். ஆண்டு விழாவில் அவன் எங்கே? பி.டி. பீரியடில் எங்கே? சுற்றுலா பஸ்ஸில் எங்கே? மூன்றிலுமே என் மகன் ஓரத்தில்தான் இருக்கிறான். அதை இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தீர்வு அவ்வளவு எளிது. எந்த வகுப்புப் படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். முன்வரிசையில் நடுவில் நாற்காலி போட்டு டீச்சரும் தலைமையாசிரியரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்காலியைச் சுற்றித்தான் பிள்ளைகளையே அடுக்குகிறார்கள். நாற்காலிக்கு இடம் கிடையாது என்று எந்தப் போட்டோகிராபரும் சொன்னதில்லை. டீச்சருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி, அதற்குச் சக்கரம் இருக்கிறது, பிரேக்கும் இருக்கிறது. போட்டுவிட்டால் நகராது. முன்வரிசைப் பெஞ்சை ஓரடி இழுத்துப் போட்டால் போதும். இல்லையென்றால் எல்லோரையும் பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் இவனைச் சுற்றி நிற்கவைக்கலாம். மேடை இல்லாத எத்தனையோ கிராமத்துப் பள்ளிகளில் வேப்பமரத்தடியில் அப்படித்தான் எடுக்கிறார்கள், முகம் நன்றாகவே விழுகிறது.

ஸ்டூடியோக்காரரிடமும் பேசினேன். அவரும் ஒரு அப்பாதான். "சார், மனசுல வச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல அந்தக் கேப்பை எடுத்துட்டு, பையனை வெட்டிப் பெஞ்சுப் பக்கத்துல ஒட்டிடறேன். தெரியவே தெரியாது. சாயங்காலமே தர்றேன், காசு வேண்டாம்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். அப்படி ஒட்டிய படத்தில் இவன் தோளில் யாருடைய கையும் இருக்காது. யாருக்காக நகர்ந்து நின்றோம் என்று அந்த முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது அந்த நகர்வு. ஆறு வயதில் ஒரு தடவை, 'கொஞ்சம் தள்ளிக்கோ, இவனும் வரட்டும்' என்று டீச்சர் சொல்ல, அவர்கள் தள்ளி உட்கார்ந்து பழகட்டும்.

வேறு படம் எடுக்கச் சொல்லி நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மற்ற பெற்றோர்கள் என்ன சொல்வார்களோ என்று மனைவிக்குப் பயம். எங்கள் ஒருவருக்காக எல்லாப் பிள்ளைகளும் மறுபடி யூனிஃபார்ம் மடிப்பு கலையாமல் வர வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தை நானே போட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு அம்மா, "என் பொண்ணு அன்னிக்குக் கண்ணை மூடிட்டா, எப்படியும் திரும்ப எடுக்கணும்னு சொல்லிட்டிருந்தேன்ங்க" என்று எழுதினார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளியும் சரியென்று சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் எடுக்கிறார்களாம்.

மகனிடம் சொன்னோம். ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. டீச்சர் பக்கத்தில் முன்வரிசையில் நடுவில் உட்காரலாம் என்றேன், முகம் சுருங்கிவிட்டது. டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிடும் கூட்டாளி கொஞ்சம் உயரம், எப்போதும் கடைசி வரிசைக்குத்தான் அனுப்புவார்கள். "அவனை என்கிட்ட உக்கார வைக்கச் சொல்லுப்பா. டீச்சர்கிட்ட நீயே சொல்லிடு" என்றான். வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சொல்லப் போகிறேன்.