ஸ்கைரிம் கொல்லருக்குப் பெரிய மூளை வேண்டாம்

விருப்பப்படி சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு கேம்களில் தெருவில் நடமாடும் என்பிசிக்கள் (கணினி இயக்கும் பாத்திரங்கள்) உயிரோட்டமாக இருக்க ஒரு சாட்பாட்டைச் சொருகினால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 2011இல் வந்த ஸ்கைரிம் என்ற கேமை நாமே மாற்றியமைக்க உதவும் கிரியேஷன் கிட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரே ஒரு கொல்லரை ஒழுங்காக அமைத்துப் பாருங்கள், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

என்பிசி எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஏஐ பேக்கேஜ் பட்டியலை, கேமை இயக்கும் எஞ்சின் மேலிருந்து கீழாகப் பார்க்கும். நேரமும் நிபந்தனையும் பொருந்துகிற முதல் பேக்கேஜ்தான் ஓடும். புதிதாக மாட் (கேமில் சொந்த மாற்றம்) செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நேர வரம்பே இல்லாத சாண்ட்பாக்ஸை (இஷ்டப்படி சுற்றவிடும் பேக்கேஜை) மேலே போட்டுவிட்டு, கொல்லர் ஏன் விடிய விடியச் சுற்றுகிறார் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது கடைசியில் இருக்க வேண்டும். அதற்கு மேலே: இரவு 10 மணியிலிருந்து 8 மணி நேரம் தூக்கம், காலை 8 மணியிலிருந்து 12 மணி நேரம் பட்டறை, இரவு 8 மணியிலிருந்து 2 மணி நேரம் சத்திரம். காலை 6 முதல் 8 வரை தானாகவே சாண்ட்பாக்ஸுக்கு வந்துவிடும்.

இதையே ஊர் முழுக்க நகலெடுத்தால் 8 மணிக்கு எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும். டைம்ஸ்கேல் 20, அதாவது ஆட்ட நேரம் நிஜ நேரத்தைவிட 20 மடங்கு வேகம் என்பதால், 5 நிமிடம் தள்ளிவைத்தாலும் நமக்கு வெறும் 15 நொடி. ஆளுக்கு ஆள் 20 நிமிடமாவது தள்ளிவையுங்கள். சத்திரத்தில் ஆட்களைவிட நாற்காலிகளும் ஐடில் மார்க்கர்களும் (சாய்ந்து நிற்பது போன்ற சிறு செய்கைகளுக்கான இடக்குறிகளும்) கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் மிச்சப்பட்டவர் நடுக்கூடத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவும் செய்தாலும் பேச்சு சொதப்பினால் எல்லாம் போச்சு. முழங்காலில் அம்பு வாங்கிய கதையை ஸ்கைரிம் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது உலகம் முழுக்கக் கேலியானது. உண்மையில் அது அருமையான வரி. நாலு வார்த்தையில் ஒரு மனிதனின் பழைய வாழ்க்கை தெரிகிறது. ஊருக்கு ஊர் அதையே கேட்டதுதான் அதைக் கெடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் ரீசெட் நேரம் (அதே வரி மறுபடி வருவதற்கான இடைவெளி) 24 மணி கொடுங்கள், அதாவது நமக்கு 72 நிமிடம். மழைக்கு இரண்டு வரி, ராத்திரிக்கு இரண்டு, நாம் வாளை உருவி நிற்கும்போது இரண்டு என்று நிபந்தனை போட்டு எழுதுங்கள்.

கொல்லரை நாள் முழுக்கப் பின்தொடர்கிற ஆட்டக்காரர் அபூர்வம். கடந்து போகும் அந்த ஐந்தாறு நொடியில் கொல்லர் தலையைத் திருப்புகிறாரா, வழி விடுகிறாரா என்பதை வைத்துத்தான் நம்புகிறோம். சைபர்பங்க் 2077 கேம் இங்கேதான் அடி வாங்கியது. அது வெளிவந்த 2020இல் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தெருவே ஒரே மாதிரி குந்தியது, போலீஸ் நம் முதுகுக்குப் பின்னால் முளைத்தது. போலீஸ் அமைப்பை மாற்ற 2023இல் 2.0 அப்டேட் வரை ஆயிற்று. சாட்பாட் இதில் எதையும் சரிசெய்யாது. பதிலுக்குக் காக்க வைக்கும், ஊரில் இல்லாத கோயிலுக்கு வழி சொல்லும்.

சோதிக்கும்போது ஆட்ட நேரத்தை ஓட்டிவிடும் வெயிட் கட்டளையால் நேரத்தைத் தாண்டாதீர்கள்; ஆட்கள் நேராகப் போய்ச் சேரும் இடத்தில் நிற்பார்கள், நடையில் உள்ள பிழை தெரியாது. காலை 7:45க்குச் சந்தையில் நின்று, யார் எந்த வாசலில் முட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்து நேவ்மெஷைத்தான் (என்பிசிக்கள் எங்கே நடக்கலாம் என்று காட்டும் வலையைத்தான்) முதலில் திருத்த வேண்டும்.