பங்க் குழுக்களுக்கு 'ஹால் ஆஃப் ஃபேம்' கதவடைத்ததா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் பட்டியலான, அமெரிக்க அரசின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில், பங்க் என்கிற வேகமான, முரட்டு ராக் வகையில் ஒரு குழுகூட இல்லையாம். ரசிகர்கள் ஓட்டுப் போட்டால் மாறுமாம்.

எல்லாமே தப்பு, மக்களே. அது அரசு விருதே அல்ல. ஒரு தனி அறக்கட்டளை தருவது. அருங்காட்சியகம் இருப்பது ஓஹியோவின் கிளீவ்லாந்தில். பங்க் குழுக்களில் ரமோன்ஸ் 2002-லேயே சேர்ந்துவிட்டது, தி கிளாஷ் 2003-ல். முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டு கழிந்தால்தான் பெயரையே பரிசீலிப்பார்கள். ரமோன்ஸ் பாடகர் ஜோயிக்குத் தன் குழு சேர்ந்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, 2001-ல் போய்விட்டார்.

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பங்க் குழுவின் கதைதான் ருசி. 2006-ல் அழைத்தபோது, அந்த ஹால் ஒரு மூத்திரக் கறை, வர மாட்டோம் என்று கையால் கிறுக்கி அனுப்பினார்கள். அப்படியும் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்! ஃபார்வர்டு எழுதியவர் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டிருப்பார் போல.

அப்புறம் ஓட்டு. ரசிகர்கள் போடும் லட்சக்கணக்கான ஓட்டுகள் ஒரே வாக்குச்சீட்டாகத்தான் எண்ணப்படும். மற்றவை கலைஞர்களும் இசைத்துறையினரும் போடுபவை. 2020-ல் ரசிகர் ஓட்டில் முதலில் வந்த டேவ் மேத்யூஸ் பேண்டுக்கு 2024-ல்தான் இடம் கிடைத்தது.