உரிச்சால் தாழும், உரிக்காட்டி மிதக்கும்

(வெள்ளவத்தை, காலி வீதியோரப் பழக்கடை. பின்னேரம் ஐந்தரை. கடைக்கார அக்கா கதலிக் குலையில சீப்பு வெட்டுறா. தம்பி ஒருத்தர் ஃபோனைப் பாத்துக்கொண்டே வாறார்.)

தம்பி: அக்கா, இரவுக்கு ஒரு பேர்த்டே இருக்கு. ஆளுக்கொரு அதிசயத் தகவல் சொல்லோணுமாம். உங்களில வச்சு ஒத்திகை பாக்கட்டோ?

அக்கா: பாருங்கோ. ஆனா கதைச்சுக் கதைச்சு பழத்தை அமத்தாதேங்கோ.

தம்பி: (தொண்டையைச் செருமி) வாழைப்பழம் ஒரு பெரி. ஸ்ட்ரோபெரி பெரியே இல்லை!

அக்கா: ஏன்?

தம்பி: ஏனெண்டா... ஃபோனில அப்பிடித்தான் கிடந்தது.

அக்கா: ஒரு "ஏன்"னுக்கே படுக்கிற தகவலைச் சபைக்குக் கொண்டுபோகாதேங்கோ. ஒரு பூவில ஒரு சூலகம், அதுதான் விதை உண்டாகிற பை, இருக்கும். அது முழுக்கச் சதையாகி, கொட்டை இறுகாம விதையை உள்ளுக்க வச்சிருந்தா, தாவரவியல் கணக்கில அது பெரி. தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

தம்பி: கத்தரிக்காயுமோ!

அக்கா: ஓம், இனிப் பொரிக்கேக்க மரியாதையாப் பொரியுங்கோ. ஸ்ட்ரோபெரியில சிவப்பா இருக்கிறது பூவின்ர அடித்தட்டு வீங்கினது. மேல ஒட்டிக் கிடக்கிற புள்ளி ஒவ்வொண்டும்தான் பழம். விதை அதுக்குள்ள.

தம்பி: அப்ப நுவரெலியாவில ஒரு பெட்டி வாங்கினா ஆயிரக்கணக்கில பழம். மலிவுதான்!

அக்கா: இந்தக் கதலியைப் பாருங்கோ. (குறுக்கால வெட்டுறா.) நடுவில கறுப்புப் புள்ளி தெரியுதோ? விதையாகாமப் போன சூல். நாங்கள் தின்னுற வாழையில நிறமூர்த்தம், அதுதான் பரம்பரைக் குணத்தைக் காவுற க்ரோமோசோம், பெரும்பாலும் சோடி சோடியா இல்லாம மூண்டு மூண்டாக் கிடக்கும். விதை வர அது சமனா ரெண்டாப் பிரியவேணும். மூண்டை அப்பிடிப் பிரிக்கேலாது, அதால விதை இல்லை. குட்டி கிளப்பித்தான் நடவேணும். அப்ப ஒரு இனத்து மரமெல்லாம் ஒண்டின்ர பிரதி. ஒண்டைப் பிடிக்கிற நோய் எல்லாத்தையும் பிடிக்கும். க்ரோ மிஷெல் எண்ட வாழைதான் ஒரு காலம் உலகச் சந்தையில ராசா. பனாமா வாடல் நோய் வந்து 1950களில சாய்ச்சுது. அந்த இடத்துக்குத்தான் கவண்டிஷ் வந்தது.

தம்பி: பேர்த்டேயில செத்தவீட்டுக் கதை வேண்டாம் அக்கா. வாழைப்பழத்தில கதிர்வீச்சு இருக்காமே?

அக்கா: இருக்கு. பொற்றாசியம் அணு 10,000 எடுத்தா ஒண்டு மட்டில பொற்றாசியம்-40. அது கதிர் வீசும். உடம்பில படுற கதிரை அளக்கிற அலகில ஒரு பழத்துக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோசீவர்ட், மிச்சம் சின்னக் கணக்கு.

தம்பி: அப்ப விலையைக் குறையுங்கோ!

அக்கா: உங்கட உடம்பிலையும் அதே சாமான் கிடக்கு. கூடினதைச் சிறுநீரகம் தள்ளிப்போடும், சேராது. 100ம் நம்பர் பஸ்ஸில பக்கத்து ஆளும் உங்களுக்கு வீசிக்கொண்டுதான் வாறார்.

தம்பி: அந்த பஸ்ஸில வீசுறது கதிர் இல்லை அக்கா. இவ்வளவும் எங்க படிச்சனீங்கள்?

அக்கா: ஏ.எல். பயோ.

தம்பி: பிறகேன் பழக்கடை?

அக்கா: கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற அந்த இசட் ஸ்கோர், என்ரயைச் சொன்னா, இண்டைக்குக் கேட்டதிலேயே அதுதான் பெரிய அதிசயமா இருக்கும். அதை விடுங்கோ. வாயால சொல்லுறதைவிட செய்து காட்டினா எடுபடும். இந்தாங்கோ தோடம்பழம். வாளிக்குள்ள போடுங்கோ.

தம்பி: மிதக்குது.

அக்கா: எடுத்து உரிச்சுப் போடுங்கோ. வெள்ளைத் தும்பையும் வழிச்சு எடுக்கவேணும்.

தம்பி: (உரிச்சுப் போட்டு) ஐயோ, தாண்டிட்டுது! பாரம் குறைஞ்ச சாமான் எப்பிடித் தாழும்?

அக்கா: பாரத்தை மட்டும் பாத்தா பிழைக்கும், பருமனையும் பாக்கவேணும். வெள்ளைத் தும்பு முழுக்கக் காத்துப்பை, இடத்தைப் பிடிக்கும், நிறை இல்லை. உரிச்சது லைஃப் ஜாக்கெட் கழட்டின மாதிரி. மண்டரினில செய்யாதேங்கோ. சுளைக்கு நடுவில வெறுமை, உரிச்சாலும் சிலது மிதந்து மானத்தை வாங்கும். உப்புத் தண்ணியும் வேண்டாம். பாத்திரம் பழத்தைவிட ரெண்டு மடங்கு ஆழமா, கண்ணாடியா இருக்கட்டும். பின்னால நிக்கிறவைக்கும் தெரியவேணும்.

தம்பி: சோக்கான விஷயம்! தின்னுற மாதிரியும் ஒண்டு தாங்கோ.

அக்கா: பேர்த்டேக்கு ஜெலி செய்யினமோ? அவிக்காத அன்னாசி போட்டா விடிய விடிய ஃப்ரிஜ்ஜில வச்சாலும் ஜெலி தண்ணியாத்தான் நிக்கும். ஜெலட்டின் ஒரு புரதம், அன்னாசியில இருக்கிற ப்ரோமலைன் எண்ட நொதியம் (என்சைம்) அதை அறுத்துப்போடும். அன்னாசி தின்ன நாக்கு எரியிறதுக்கும் அதில ஒரு பங்கு இருக்கு. பப்பாப்பழமும் இதே வேலைதான் பாக்கும், அதின்ர நொதியம் பப்பேன்.

தம்பி: அப்ப எப்பிடிக் காட்டுறது?

அக்கா: மூண்டு கோப்பை. முதலாவதில ஜெலியும் அவிக்காத அன்னாசியும். ரெண்டாவதில அதே ஜெலி, ஆனா அன்னாசித் துண்டை 5 நிமிசம் கொதிக்கவிட்டு, ஆறவிட்டுப் போடவேணும். சூட்டில நொதியம் பழுதாகி ஜெலி இறுகும். மூண்டாவதில கடற்பாசி, அதுதான் அகர் அகர். அது புரதமே இல்லை, மாப்பொருள் மாதிரி ஒரு சாமான், நொதியத்துக்கு வெட்ட ஒண்டுமில்லை. அவிக்காத அன்னாசியோடையே இறுகும். ஆனா கடற்பாசியை அடுப்பால இறக்கினாப் பிறகுதான் அன்னாசியைப் போடுங்கோ. புளிப்போட சேத்துக் கொதிச்சா இளகிப்போகும்.

தம்பி: இறுக எவ்வளவு நேரம்?

அக்கா: ஜெலி ஃப்ரிஜ்ஜில 4 மணித்தியாலம் மட்டில. கடற்பாசி வெளியிலயே இறுகும்.

தம்பி: பார்ட்டி ஏழரைக்கு அக்கா!

அக்கா: அப்ப இண்டைக்குத் தோடம்பழம், ஜெலியை அடுத்த பேர்த்டேக்கு வையுங்கோ. அன்னாசி சீவித் தரட்டோ?

தம்பி: ரின்னில வாற அன்னாசியும் ஜெலியைக் குழப்புமோ?

அக்கா: இல்லை, ரின்னில அடைக்கேக்கயே சூடாக்கினது. நொதியம் செத்துப்போச்சு. அப்பிடியே போடலாம்.

தம்பி: சீவத் தேவையில்லை, கொதிக்கவிடத் தேவையில்லை! மிச்சம் நல்லது அக்கா. பக்கத்து சுப்பர்மார்க்கெட்டில ஒரு ரின் வாங்கிறன்.

அக்கா: நில்லும் ஐசே! உரிச்ச தோடம்பழத்துக்கு ஆர் காசு தாறது?

தம்பி: அது பரிசோதனை எல்லோ?

அக்கா: வெட்டின கதலிக்கும் சேத்து எடும். இன்னும் நிண்டால் வாளித் தண்ணிக்கும் போடுவன்.