காரைக்கால் ஜிப்மரில் படித்தால் கிடைக்கும் பட்டம் எது?

புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் மருத்துவக் கல்வி நிறுவனமான ஜிப்மருக்குக் காரைக்காலிலும் ஒரு வளாகம் உண்டு. நீட் கலந்தாய்வு தொடங்கியதும், "காரைக்கால் வளாகத்தில் சேர்ந்தால் ஜிப்மர் பட்டம் கிடைக்காது, புதுவைப் பல்கலைக்கழகப் பட்டம்தான்" என்ற வாட்ஸ்அப் செய்தி பெற்றோரிடையே வலம் வருகிறது. இது தவறான தகவல்.

ஒரு காலத்தில் ஜிப்மர் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது உண்மையே. புரளியின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் 2008ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தானே பெற்றுவிட்ட ஜிப்மர், 2016இல் 50 எம்.பி.பி.எஸ். இடங்களுடன் தொடங்கிய காரைக்கால் கிளையின் மாணவர்களுக்கும் தன் பெயரிலேயே பட்டம் அளிக்கிறது. 2019 வரை ஜிப்மர் நடத்திவந்த தனி நுழைவுத் தேர்வும் இரு வளாகங்களுக்கும் பொதுவாகவே இருந்தது.

வேறுபாடு உண்டு, மறுப்பதற்கில்லை. அது சான்றிதழில் இல்லை, வார்டில் இருக்கிறது. புதுச்சேரியில் பல்லாண்டுகளாக வளர்ந்த சிறப்புப் பிரிவுகளுடன் கூடிய பெரிய மருத்துவமனை வளாகத்திலேயே உள்ளது; காரைக்கால் மாணவர்களோ நோயாளிகளைப் பார்த்துக் கற்க அவ்வூர் அரசுப் பொது மருத்துவமனையைச் சார்ந்தே வந்துள்ளனர். பெற்றோர் விசாரிக்க வேண்டியது இதைத்தான். கலந்தாய்வுப் பட்டியலில் இரு வளாகங்களும் தனித்தனியாக இடம்பெறுவதால், விருப்ப வரிசையை நிரப்பும்போது வளாகத்தின் பெயரையும் பார்த்துத் தேர்வு செய்வது அவசியம்.